நாளை என்னும் கடல் – 14: ஆயிரம் சிப்பியின் கணக்கு

கன்டெய்னர் எண்ணைத் தானே படித்துக்கொள்ளும் கேமராக்களோடு போன வாரம் நிறுத்தினோம். இந்த வாரம் துறைமுகக் கிரேன்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் 1906-ஆம் ஆண்டுக் குத்தகை ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. செயற்கை நுண்ணறிவு நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று கணித்துச் சொல்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய குத்தகை அது. அதைச் சொல்லிவிட்டுத்தான் கிரேன்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு முழுக்க முழுக்க முன்கணிப்பில் ஓடிய தொழில். ‘பார்’ எனப்படும் கடலடிப் பாறைத் திட்டில் சிப்பி ஒட்டி வளர்ந்து, எடுக்கத் தகுந்த முத்து விளைய நாலைந்து வருடம் ஆகும். அதற்கு மேல் விட்டுவைத்தால் சிப்பியே செத்துப்போகும். அந்தச் சின்ன இடைவெளியைத் தவறவிடக் கூடாது. ஆகவே பருவத்துக்கு முன்பே அதிகாரிகள் படகில் போய், குளிகாரர்களை இறக்கிப் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, அரித்து, கிடைத்த முத்துகளை வியாபாரிகள் முன் வைப்பார்கள். ‘ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்’ என்று அவர்கள் மதிப்புச் சொல்வார்கள். அது கட்டுப்படியானால் குளிப்பு அறிவிக்கப்படும். ஆயிரக்கணக்கானோர் கரையில் வந்து குவிவார்கள்.

அந்த மதிப்பீட்டுக்குப் பயன்பட்ட சல்லடைகள்தான் என்னை இந்த வாரம் முழுக்கப் பிடித்து வைத்திருந்தன. பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை. அடுத்தடுத்தவற்றில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளைகள் கூடக் கூட அவற்றின் அளவு சிறுக்கும். இருபதில் தங்குவது பெருமுத்து. ஆயிரத்திலும் தங்காமல் உதிர்வது தூள். அப்புறம் கண்ணுக்கு வேலை: உருட்சி, நிறம், ஒளி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எதிலும் குறை இல்லாததை ஆணிமுத்து என்று தனியே எடுத்து வைப்பார்கள்.

லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, இது இந்த வகை, அது அந்த வகை என்று பிரிக்க இன்று கணினியைப் பழக்குகிறோம். சல்லடையும் வகைதான் பிரித்தது. ஆனால் என் முத்து ஏன் கீழே விழுந்தது என்று ஒருவர் கேட்டால், துளையைக் காட்டிவிடலாம். வங்கிக் கடன் கேட்டவரைத் தள்ளிவிடும் மென்பொருளிடம் அப்படி ஒரு துளையைக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டும். இதை இந்தத் தொடரில் முன்பும் எழுதினேன், இனியும் எழுதுவேன்.

இனி குத்தகை. இலங்கைக் கரையின் முத்துப் பார்களை ஆராய, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநர் ஆனவர். ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட அறிக்கை, அந்தக் காலத்தின் உச்சபட்ச அறிவியல். 1905 குளிப்பு அந்த நம்பிக்கைக்கு எண்ணெய் வார்த்தது. சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் கரையேறின. அரசுக்கு 25 லட்சம் ரூபாய் வருமானம். உடனே லண்டனில் ஒரு கம்பெனி கூடியது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வாடகைக்கு, இருபது வருடத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது.

1907-க்குப் பிறகு பல வருடங்களுக்குக் குளிக்கச் சிப்பி இல்லை. சில வருடங்களில் கம்பெனியும் கலைந்தது.

ஹெர்ட்மன் ஏமாற்றுக்காரர் இல்லை. ‘பெரிய பார்’ என்ற திட்டில் குஞ்சுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் ஒட்டுவதையும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவை அடித்துச் செல்லப்படுவதையும் அவரே எழுதியிருக்கிறார். அவற்றைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் யோசனை. கடல் அதற்கு இணங்கவில்லை. நட்டக் கணக்கு பங்குதாரர்களின் ஏட்டில் ஏறியது. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போய், எடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்றுவந்த குளிகாரரின் இழந்த பருவங்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. எல்லோரும் பாரில் எத்தனை சிப்பி என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, முத்துத் தொழிலின் விதி ஜப்பானில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அங்கே மிக்கிமோத்தோ என்பவர் 1893-இல் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். 1920-களில் உருண்டையான வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்து இயற்கை முத்தின் விலையைச் சரித்தது. பாரசீக வளைகுடாவின் முத்துத் தொழில் அதோடு எழவே இல்லை. நம் கரையிலோ 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிக் குளிப்பு.

அந்த முத்து வளர்ப்புத் தொழில்நுட்பம் இங்கே வராமலும் இல்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். 1981-இல் தூத்துக்குடி ஆய்வகத்திலேயே சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார்கள். பெரிய சாதனை; பாடநூலில் இருக்க வேண்டிய பெயர் அழகர்சாமி. ஆனால் ஜப்பானில் இருப்பதுபோல் அலை அடங்கிய குடாக்கள் இந்தக் கரையில் குறைவு. ஆய்வகத்தில் விளைந்தது மீனவர் வீட்டு வருமானமாக மாறவில்லை. ஒரு நுட்பம் பிறந்த தேதியை வைத்து வாழ்க்கை மாறும் தேதியைக் குறிப்பவர்களுக்கு நான் வேப்பலோடையைத்தான் காட்டுவேன்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “ஜிபிஎஸ்ஸு பார் எங்க கெடக்குன்னு காட்டிரும் அண்ணாச்சி. சங்கு கெடக்கான்னு குளிச்சாத்தான் தெரியும்” என்றார். ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்து மீன் கூடும் இடங்களைத் தினமும் கணித்துச் சொல்கிறது. நல்ல சேவை. ஆனால் கணிப்பு பிசகினால் டீசல் காசு படகுக்காரருடையது.

கணிப்பு பிசகினால் நட்டம் யாருக்கு? வானிலையிலும் இதே கேள்விதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதிகனமழை என்ற எச்சரிக்கை 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே பொருந்தும். 95-க்கும் அதே சொல்தான். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவு வானிலை மாதிரிகள், சுமார் நாற்பது வருடப் பழைய தரவைப் படித்துப் பத்து நாள் வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகின்றன. அந்த வேகம் உயிர்களைக் காக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் படித்த பாடத்தில் இல்லாத உச்சம் வரும்போது அவை குறைத்துச் சொல்லிவிடலாம் என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் வீடு வைத்திருப்பவருக்கு அந்த உச்சம் ஒன்றுதான் முக்கியம்.

பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த இதழில் கிரேன்கள், நிச்சயம். தூத்துக்குடி 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட காலத்திலிருந்து சரக்கு ஏற்றி இறக்கிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை இப்போது வேலைக்கு வரும் வயதில் இருக்கிறது. ஆள் இல்லாமல் இயங்கும் கிரேனுக்கு ஒப்பந்தம் எழுதும்போது, இறங்கிப்போகிற ஓட்டுநருக்கு அதில் எத்தனை வரி ஒதுக்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.