ஹெட்போன்: தலைக்குச் சுகமானது காதுக்கும் நல்லதா?

பத்து பாகாட் – பேரங்காடிகளில் உள்ள மின்னியல் கடைகளில் ஹெட்போன்கள் இப்போது நகைக்கடைச் சரக்குபோல கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வெண்மை, இளஞ்சிவப்பு, வெள்ளி நிறம், மங்கிய கறுப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். பாரிட் ராஜாவில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர், தொழிற்சாலை பஸ்ஸில் ஏறும் தொழிலாளி, யோங் பெங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்து வீடு திரும்பும் இளைஞர் எனப் பலரது காதிலும் இன்று இது இருக்கிறது.

வாங்கும்போது நாம் முதலில் பார்ப்பது நிறம், அடுத்தது விலை. தலையில் எப்படி உட்காருகிறது, எவ்வளவு நேரம் அணியலாம் என்ற கேள்விகள் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுகின்றன.

கருவியாக வந்தது அலங்காரமானது

தொடக்கத்தில் ஹெட்போன் அழகுப் பொருளே அல்ல. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கம்பியில்லாத் தந்திச் செய்திகளைக் கேட்கத்தான் அவை பயன்பட்டன. 1958இல் ஜான் கோஸ் என்பவர் ஸ்டீரியோ இசை கேட்பதற்கான ஹெட்போனை அறிமுகப்படுத்தினார்.

1979இல் சோனி வாக்மேன் வந்தபோது பெரிய மாற்றம் ஏற்பட்டது. அதுவரை 300, 400 கிராம் எடையுடன் இருந்த ஹெட்போன், மெல்லிய கம்பியும் சிறிய பஞ்சு வட்டமுமாகச் சுமார் 50 கிராமுக்கு இறங்கியது. வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்கள் வீதியில் நடந்துகொண்டே கேட்கத் தொடங்கினார்கள். 2001இல் ஐபாட்டுடன் வந்த வெள்ளைக் கம்பியும், 2008இல் வந்த பீட்ஸ் நிறுவனத்தின் பெரிய வண்ண ஹெட்போன்களும் அதை உடையோடு சேர்ந்த அலங்காரமாக ஆக்கிவிட்டன.

பெரிய வடிவம் திரும்பியதும் எடையும் திரும்பியது. 2020இல் வந்த ஏர்போட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். 2022இல் வந்த சோனி டபிள்யூ.எச்.1000 எக்ஸ்.எம்.5 சுமார் 250 கிராம். கையில் எடுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றும். இரண்டு மணி நேரம் தலையில் இருந்தால் கழுத்துக்குத் தெரியும்.

எங்கே அழுத்துகிறது என்று பாருங்கள்

ஹெட்போனில் மூன்று வகை உண்டு. காதுக்குள் செருகுவது, காது மடலின் மேல் உட்காருவது, காதை முழுவதும் மூடுவது.

மடலின் மேல் உட்காரும் வகை சிறியது, பார்க்கவும் எடுப்பாக இருக்கும். ஆனால், அது காதின் குருத்தெலும்பை அழுத்துகிறது. மூக்குக்கண்ணாடி அணிபவருக்கும் தோடு, ஜிமிக்கி போட்டிருக்கும் பெண்களுக்கும் வலி சீக்கிரமே வந்துவிடும். காதை முழுவதும் மூடும் வகையில் மெத்தை காதைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் அமர்வதால் மடலுக்கு அழுத்தம் குறைவு. ஆனால், மெத்தையின் குழி சிறிதாக இருந்தால் மடல் மடங்கி நோகும்.

ஆகவே கடையில் அணிந்து பார்க்கும்போது கண்ணாடியையும் தோட்டையும் கழற்ற வேண்டாம். பத்து நிமிடமாவது அணிந்திருங்கள். குனிந்து பாருங்கள், தலையை இருபுறமும் அசைத்துப் பாருங்கள். நழுவினால் பிடிமானம் போதவில்லை. நெற்றிப் பொட்டு இறுகுவதுபோல இருந்தால் பிடிமானம் அதிகம். இயங்கலையில் வாங்குவதாக இருந்தால் எடையையும், மெத்தையைத் தனியாக மாற்ற முடியுமா என்பதையும் பாருங்கள்.

நம் ஊர் வெயிலும் வியர்வையும்

பல ஹெட்போன்களின் மெத்தை பாலியூரித்தேன் என்ற செயற்கைத் தோலால் மூடப்பட்டிருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தத் தோல் மெல்ல மெல்லச் சிதையும். ஜொகூர் போன்ற புழுக்கமான ஊரில் கறுப்புத் துகள் உதிர்ந்து கழுத்தில் ஒட்டுவதற்கு இதுதான் காரணம். அணிந்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்தால் அதன் ஆயுள் கூடும். துணி மெத்தை அவ்வளவு புழுங்காது. ஆனால், வெளிச்சத்தம் சற்றுக் கூடுதலாக உள்ளே வரும்.

காதுக்குள் செருகும் வகையில் இன்னொரு கவனம் தேவை. வியர்வையோடு மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் காதுக் குழாயில் பூஞ்சைத் தொற்று வரலாம். குளித்த உடனே ஈரக் காதில் செருகுவதும் அடுத்தவருக்குக் கொடுத்து வாங்குவதும் நல்லதல்ல.

சுகம் எப்போது ஆபத்தாகும்?

நன்றாகப் பொருந்தும் ஹெட்போனால் காதுக்கு ஒரு நன்மை உண்டு. வெளிச்சத்தம் குறைவாக வருவதால் பாட்டின் ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை குறைகிறது. இரைச்சல் நீக்கும் வசதியும் அப்படித்தான். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவரின் மகனான அமர் போஸ், 1978இல் விமானத்தில் இரைச்சலால் பாட்டுக் கேட்க முடியாமல் போனபோதுதான் இப்படி ஒரு ஹெட்போனை உருவாக்க முனைந்தார். வெளியிலிருந்து வரும் ஒலி அலைக்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அமுக்குவதே இதன் வேலை. பஸ் இயந்திரம்போல் சீராக உறுமும் சத்தத்தை இது நன்றாகக் குறைக்கும்.

ஆனால், வலியே தராத ஹெட்போனை யாரும் கழற்ற மாட்டார்கள். முன்பு காது நொந்ததும் கழற்றி வைத்தோம். இப்போது காலையில் மாட்டியது மாலைவரை இருக்கிறது. செவிக்குச் சேதம் ஒலியின் அளவால் மட்டுமல்ல, கேட்கும் நேரத்தாலும் வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் 20 நிமிடம். பிள்ளைகளுக்கு 40 மணி நேரத்துக்கான வரம்பு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிறது. பாதுகாப்பான நேரமும் பாதியாகக் குறைகிறது.

உட்காதில் ஒலியை உணரும் மெல்லிய உயிரணுக்கள் சுமார் 15,000 உண்டு. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

வேலைக்காட்டில் இது காப்பு அல்ல

தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டியபடி பாட்டுக் கேட்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். அதை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஒலியை இன்னும் கூட்ட வேண்டும். இரண்டு சுமையும் ஒரே காதில் இறங்குகின்றன. பின்னால் வரும் டிராக்டரும் தெரியாது, ஆள் கூப்பிடுவதும் கேட்காது.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் என்றாலும் அது காதுக் கவசம் ஆகாது. மலேசியாவில் 2019 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள வேலையிட இரைச்சல் விதிமுறை, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபலை வரம்பாக வைத்திருக்கிறது. அதைத் தாண்டும் இடத்தில் அங்கீகரிக்கப்பட்ட காதுக் கவசத்தை முதலாளி வழங்க வேண்டும். தொழிலாளருக்குச் செவித்திறன் பரிசோதனையும் செய்ய வேண்டும். கவசம் கிடைக்காதவர்கள் தயங்காமல் கேட்கலாம். அது தொழிலாளரின் உரிமை.

வீட்டில் செய்யக்கூடியவை

• கைப்பேசி அமைப்பில் ஒலியளவுக்கு வரம்பு வையுங்கள். பிள்ளைகளின் கைப்பேசியில் முதலில் வையுங்கள்.

• மணிக்கு ஒரு முறையாவது கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

• மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் அணியவே வேண்டாம்.

• கழற்றிய பிறகும் காதில் ரீங்காரம் கேட்டால், அல்லது கூட்டத்தில் மற்றவர் பேசுவது புரியாமல் போனால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள்.

நிறமும் வடிவமும் அவரவர் விருப்பம். அணிந்து பார்த்துத் தலைக்குப் பொருந்துவதை வாங்குங்கள். பிறகு ஒலியளவிலும் கடிகாரத்திலும் ஒரு கண் வைத்திருங்கள். ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கலாம், காது அப்படியல்ல.