கடலுக்கடியில் சுவாசிக்கும் ஆக்சிஜன் இதயத்தை என்ன செய்கிறது? ஸ்கூபா டைவிங் செல்வோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: அந்தமானின் சுவராஜ் தீவு, லட்சத்தீவு, கோவா, கர்நாடகத்தின் நேத்ராணித் தீவு எனப் பல இடங்களில் ஸ்கூபா டைவிங் சுற்றுலாவின் ஓர் அங்கமாகிவிட்டது. நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநரின் துணையோடு கடலடியைக் கண்டு திரும்புகின்றனர். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது தூய ஆக்சிஜன் என்றே பலரும் கருதுகின்றனர். பெரும்பாலும் அதில் இருப்பது, நிலத்தில் நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான். ஆனால், ஆழத்தில் அதே காற்று இதயத்தின் செயல்பாட்டை மாற்றுகிறது.

அழுத்தமே அடிப்படை

காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் ஆக்சிஜன் உள்ளது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. இதன்படி 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் நான்கு மடங்காகிறது. ஆக்சிஜனின் விகிதம் மாறாவிட்டாலும் அதன் அழுத்தமும் நான்கு மடங்காகிவிடும். இது நிலத்தில் 84 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்கு ஒப்பானது. புதிதாக முக்குளிப்போர் பொதுவாக 12 மீட்டருக்குக் கீழே அழைத்துச் செல்லப்படுவதில்லை. அந்த ஆழத்திலேயே அது 46 சதவீத ஆக்சிஜனுக்குச் சமமாகிறது.

ஆக்சிஜன் கூடினால்

ரத்தத்தில் ஆக்சிஜன் மிகும்போது கை, கால் உள்ளிட்ட உறுப்புகளின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது; ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவும் குறைகிறது. இதயத்திற்கே ரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளும் சுருங்குகின்றன.

ஆரோக்கியமான இதயம் இந்த மாற்றத்தை எளிதில் தாங்கிக்கொள்ளும். உயர் ரத்த அழுத்தமோ கரோனரி தமனி அடைப்போ உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. சுருங்கிய குழாய்களின் எதிர்ப்பை மீறி அவர்களது இதயம் ரத்தத்தைச் செலுத்த வேண்டியுள்ளது.

கூடுதல் ஆக்சிஜன் எப்போதும் இதயத்திற்கு நன்மை தரும் என்ற எண்ணத்தை மருத்துவ ஆய்வும் ஏற்கவில்லை. மாரடைப்பு ஏற்பட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்பட்ட 6,629 பேரிடம் சுவீடனில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டு வெளியானது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாத நிலையில், அதைக் கூடுதலாக அளிப்பதால் ஓராண்டுக்குள் நேரும் உயிரிழப்பு குறையவில்லை என அதில் தெரியவந்தது.

நீரும் சேர்ந்து தரும் சுமை

நீரில் மூழ்கியவுடன் கால்களில் உள்ள ரத்தத்தின் ஒரு பகுதி மார்புப் பகுதிக்கு நகர்கிறது. இதய அறைகள் வழக்கத்தைவிடக் கூடுதல் ரத்தத்தால் நிரம்புகின்றன. குளிர்ந்த நீர் ரத்தக் குழாய்களை மேலும் சுருக்குகிறது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தும் உழைப்பும் சேரும்போது இதயத்தின் சுமை கூடுகிறது. சிலருக்கு இதனால் நுரையீரலில் நீர் கோத்து, நீருக்குள்ளேயே மூச்சுத்திணறல் ஏற்படுவதும் உண்டு.

ஆக்சிஜன் குறைந்தால்

வெளிவிடும் மூச்சைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ரீபிரீதர் கருவிகள் பழுதானால் ஆக்சிஜன் குறையக்கூடும். அப்போது இதயம் வேகமாகத் துடித்து ஈடுசெய்ய முயல்கிறது. குறைவு கடுமையானால் துடிப்பின் சீர் குலைந்து, நினைவு தப்புகிறது.

மூச்சை அடக்கி முக்குளிப்போருக்கு மேலே வரும்போதே ஆபத்து அதிகம். அழுத்தம் குறையக் குறைய உடலில் எஞ்சியுள்ள ஆக்சிஜனின் அழுத்தமும் சரிவதால், நீர்மட்டத்தை நெருங்கும் வேளையில் மயக்கம் நேரிடுகிறது.

நைட்ராக்ஸ் பாதுகாப்பானதா?

32 அல்லது 36 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் கலவையைப் பயிற்சி பெற்றோர் பயன்படுத்துகின்றனர். உடலில் சேரும் நைட்ரஜனைக் குறைப்பதே அதன் நோக்கம். இதயத்திற்கு வலுவூட்டுவது அன்று. அதற்கு ஆழ வரம்பும் உண்டு. ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 வளிமண்டலத்தைத் தாண்டக் கூடாது என்பதால், 32 சதவீதக் கலவையுடன் சுமார் 33 மீட்டர் வரையே இறங்கலாம். மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். நீருக்கடியில் வலிப்பு ஏற்பட்டால் உயிர் பிழைப்பது அரிது.

அதேவேளை, விரைந்து மேலேறியதால் உடலில் நைட்ரஜன் குமிழிகள் உருவானவருக்குத் தூய ஆக்சிஜனே முதலுதவி. அது நைட்ரஜனை விரைவாக வெளியேற்றுகிறது.

கவனிக்க வேண்டியவை

டைவிங் மையங்களில் தரப்படும் உடல்நலப் படிவத்தை உண்மையாக நிரப்புவதே முதல் பாதுகாப்பு. 45 வயதைக் கடந்து புகைப்பழக்கம், அதிகக் கொழுப்பு போன்றவை உள்ளோரும், ரத்த அழுத்தத்திற்கு மருந்து உட்கொள்வோரும், ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரும் பயணத்திற்கு முன்பே மருத்துவரின் ஒப்புதல் பெறுவது அவசியம். நீருக்குள் நெஞ்சுவலி, படபடப்பு, இருமல் அல்லது மூச்சுத்திணறல் தோன்றினால் பயிற்றுநருக்கு உடனே சைகை காட்டி, சீராக மூச்சு விட்டபடியே மேலே வர வேண்டும். கரைக்கு வந்தபின் அறிகுறிகள் மறைந்தாலும் மருத்துவரை அணுகாமல் மீண்டும் கடலில் இறங்கக் கூடாது.