43,560 – பகுதி 6: பத்து ஏக்கரில் 1,089 மரங்கள்

ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்பதையும், அந்த எண்ணைப் பகாக் காரணிகளாக உடைத்தால் 11 இரண்டு முறை வருவதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் 72 வகுத்திகளையும் இந்த வாரம் வகைப்படுத்துவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குமுன் பால்மர நிரைகளைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

மலாயாவில் பால்மரம் நடத் தொடங்கிய காலத்தில் புழங்கிய இடைவெளிகளில் ஒன்று இருபதடிக்கு இருபதடி. ஏக்கருக்கு 108 மரம் என்று கணக்கெழுதினார்கள். உண்மையில் 43,560-ஐ 400-ஆல் வகுத்தால் 108.9 வரும். 400-க்குள் 2 நான்கு முறையும் 5 இரண்டு முறையும் இருக்கின்றன. நம் எண்ணிலோ 2 மூன்று முறை, 5 ஒரே முறை. அதனால்தான் மீதி விழுகிறது. ஆனால் சிரம்பான் பக்கமோ பகாவ் பக்கமோ, சமதரையில் பத்து ஏக்கரைச் சதுரமாக அளந்தால் கதையே வேறு. நில அளவைச் சங்கிலி 66 அடி. பத்துச் சங்கிலிக்குப் பத்துச் சங்கிலி என்றால் பக்கத்துக்கு 660 அடி. இருபதடிக்கு ஒரு நிரை வைத்தால் 33 நிரை, நிரைக்கு 33 மரம், மொத்தம் 1,089. மிச்சம் ஒன்றுமில்லை. 1620 வாக்கில் எட்மண்ட் கன்ட்டர் அந்தச் சங்கிலியைப் பழைய பதினாறரை அடிக் கோலின் நான்கு மடங்காக அமைத்தார். பதினாறரை என்பது 33-இன் பாதி. நிரைகளில் 33 வந்து நிற்பதற்கு அந்தக் கோல்தான் காரணம்.

இந்த 1,089-ஐ 9-ஆல் பெருக்கினால் 9,801. அதே இலக்கங்கள் திரும்பி நிற்கின்றன. அதன் இரட்டிப்பான 2,178-ஐ 4-ஆல் பெருக்கினால் 8,712. இதுவும் திரும்பிய எண். தன்னைத் திருப்பி எழுதிய எண்ணின் மடங்காக அமையும் நான்கிலக்க எண்கள் (இலக்கங்கள் திரும்பினாலும் மாறாதவற்றையும் பூச்சியத்தில் முடிபவற்றையும் விட்டுவிட்டால்) இந்த 8,712-உம் 9,801-உம் மட்டுமே. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, 1940-இல் வெளியான தம் நூலில் இதைச் சொல்லி, கணிதருக்கு இதில் பெறுமதி இல்லை என்று ஒதுக்கினார். அந்த 8,712-ஐ 5-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 43,560!

ஹார்டி சொன்னதை மறுக்க முடியுமா? திருப்பும் வித்தையைப் பொறுத்தவரை முடியாது. அது நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் வருவது. பன்னிரண்டின் அடிமானத்தில் 1,089 என்பது 769 ஆகிவிடும். வித்தை அங்கே நடக்காது. ஆனால் 33 நிரையும் நிரைக்கு 33 மரமும் எந்த அடிமானத்தில் எழுதினாலும் அப்படியேதான் இருக்கும். ஓர் எண்ணின் குணங்களில் எழுத்துமுறை தருபவை வேறு, எண்ணுக்கே உரியவை வேறு. வகைப்படுத்தும்போது முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மேடும் பள்ளமும், சாலையும் வாய்க்காலுமான தோட்டத்தில் இந்தச் சதுரக் கணக்கு எங்கே பொருந்தும் என்று கேட்கலாம். குன்றுச் சரிவில் பொருந்தாது, அங்கே நிரை சரிவை ஒட்டியே வளையும். ஆனாலும் 108 என்று முறித்து எழுதும்போது ஐம்பது ஏக்கருக்கு 45 மரம் ஏட்டில் குறைகிறது. அதற்கு மண் காரணமில்லை, வகுத்தலே காரணம்.

செம்பனை வந்தபின் நடவு முக்கோணமானது. அங்கே மூன்றின் வர்க்கமூலம் நுழைந்துவிடுவதால், ஏக்கரானாலும் ஹெக்டேரானாலும் முழு எண் இடைவெளிக்கு மரக்கணக்கு முழு எண்ணாக வரவே வராது. 72 வகுத்திகளோடு சேர்த்து அதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.