இலித்தியம் மின்கலம்: தெரிவும் மின்னேற்றமும்

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நமது நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானதை எவரும் மறந்திருக்க முடியாது. அந்நாட்களில் வரிப்பத்தான்சேனையில் எங்கள் வீட்டில் பாடப் புத்தகத்துக்கு வெளிச்சம் தந்தவை மின்னேற்றக்கூடிய சிறு விளக்குகளே. பழைய மடிக்கணினியின் மின்கலங்களைப் பிரித்து விளக்குச் செய்யும் பழக்கமும் அப்போது பலரிடம் வந்தது. இன்று விஞ்ஞானக் கண்காட்சிக்கு ஒரு சிறு ரோபோ செய்தாலும் அதனுள் இருப்பது அதே இலித்தியம் அயன் மின்கலம்தான்.

நான் இத்துறையில் ஆர்வம் கொண்டபோது வாப்பா தடுக்கவில்லை. "ஊட்டுல சின்னப் புள்ளையள் இரிக்கி, வெளங்கிச் செய் மகள்" என்று மட்டும் சொன்னார். அவ்வாறு விளங்கிக் கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

இம்மின்கலத்தை 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. இதன் உருவாக்கத்துக்காக ஜோன் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அப்போது குடினஃபின் வயது 97.

மின்கலத்தின் இரு முனைவுகளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று உண்டு. அதைச் சூழ்ந்திருப்பது எளிதில் தீப்பற்றும் திரவம். அத்தாள் கிழிந்தாலோ அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலோ உள்ளே வெப்பம் பெருகும். அவ்வெப்பம் மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும். இறுதியில் தீ மூளும். 2016இல் சம்சுங் நிறுவனம் தனது கெலக்ஸி நோட் 7 கைபேசிகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது மின்கலக் குறைபாட்டினால்தான். பெரிய நிறுவனத்துக்கே இந்நிலையென்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

முதலில் தெரிவைப் பார்ப்போம். சாதாரண இலித்தியம் அயன் மின்கலத்தின் பெயரளவு வோல்ற்றளவு 3.7, முழுமையாக மின்னேறும்போது 4.2. 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. 18650 என்ற இலக்கம் 18 மில்லிமீற்றர் விட்டத்தையும் 65 மில்லிமீற்றர் நீளத்தையும் குறிக்கும். இந்த அளவுள்ள நல்ல மின்கலம் ஏறக்குறைய 45 கிராம் நிறையுடையது. கொள்ளளவு பொதுவாக 2000 முதல் 3500 மில்லி அம்பியர் மணி வரை. எனவே 9900 என்று அச்சிட்ட ஒன்றைக் கடையில் கண்டால், அது பொய் என்று அந்த இலக்கமே சொல்லிவிடும். பையன்று, பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியவை எத்தனை வருடம் உழைத்தவை என்பது நமக்குத் தெரியாது. ஆரம்ப மாணவிகள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். எடை கூடினாலும் பரவாயில்லை என்றால் இலித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை கூடிய பாதுகாப்பானது. ஆனால் அதன் பெயரளவு 3.2 வோல்ற்று, அதற்கென உள்ள மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது மின்னேற்றம். கைபேசி சார்ஜரின் 5 வோல்ற்று வயரை வெட்டி மின்கலத்தில் நேரடியாக இணைப்பது ஆபத்து. முதலில் மாறா ஓட்டத்தையும், 4.2 வோல்ற்றை அடைந்ததும் மாறா வோல்ற்றளவையும் கொடுத்து, ஓட்டம் நன்கு குறைந்தபின் நிறுத்தும் மின்னேற்றி தேவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிபி4056 என்ற சிறிய பலகை இதைச் செய்யும். பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்த பலகையைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே பலரும் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. அப்பலகை வழமையாக 1.2 கிலோ ஓம் தடையியுடன் வரும்; அது 1 அம்பியர் ஓட்டத்தைக் கொடுக்கும். கொள்ளளவின் பாதியளவு ஓட்டமே பாதுகாப்பான பொது விதி. 2000 மில்லி அம்பியர் மணி மின்கலத்துக்கு 1 அம்பியர் பொருந்தும். ஆனால் 500 மில்லி அம்பியர் மணி கொண்ட சிறிய மின்கலத்துக்கு அது பாதுகாப்பான ஓட்டத்தின் நான்கு மடங்கு. அத்தடையியை 5 கிலோ ஓமாக மாற்றினால் ஓட்டம் 250 மில்லி அம்பியராகக் குறைந்துவிடும்.

பெற்றோரும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. மெத்தையிலோ தலையணைக்கு அருகிலோ வைத்து மின்னேற்றக் கூடாது. சீமெந்துத் தரையோ ஓடு பதித்த தரையோ உகந்தது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றத்தை விட்டுவைக்கக் கூடாது. நமது பகுதியின் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழும், மூடிய வாகனத்துள்ளும் மின்கலத்தை வைக்க வேண்டாம். மின்கலத்தின் மேல் நேரடியாக ஈயப் பற்று வைக்காமல், தாங்கியொன்றைப் பயன்படுத்துங்கள். சாவிக் கொத்தோடு ஒரே பையில் போட்டால் குறுஞ்சுற்று ஏற்படலாம். நீண்ட நாள் எடுத்து வைப்பதாயின் பாதியளவு மின்னேற்றி வையுங்கள்.

வீங்கிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். வீட்டுக் குப்பையோடு எரிக்கவும் வேண்டாம். எரியும் பொருட்கள் இல்லாத இடத்தில், வீட்டுக்கு வெளியே வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். மின்னேற்றும்போது புகை வந்தால் ஆளியை நிறுத்திப் பிள்ளைகளை வெளியேற்றுவதே முதல் வேலை. புகையைச் சுவாசிக்காதீர்கள்.

சகோதரிகளே, பயந்து இத்துறையை விட்டு ஒதுங்கத் தேவையில்லை. ஒரு பன்மானி, பொருத்தமான மின்னேற்றி, பக்கத்தில் இருந்து பார்க்கும் பொறுமை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். அடுத்த கண்காட்சியில் உங்கள் கைவண்ணத்தில் ஒளிரும் விளக்கை உங்கள் உம்மாவும் வாப்பாவும் நிம்மதியோடு பார்க்கட்டும்.