தூக்கத்தைத் துரத்தும் கவலை

தூக்கமின்மைக்காக எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோரில் பலர் முதலில் பேசுவது இரவைப் பற்றியன்று, மாலையைப் பற்றி. விளக்கு வைக்கும் வேளையிலேயே, 'இன்றாவது தூக்கம் வருமா' என்ற பயம் தொடங்கிவிடுகிறது என்கிறார்கள். சிகிச்சையில் நாங்கள் முதலில் கவனிப்பது இந்தப் பயத்தைத்தான்.

தூக்கம் முதன்முதலாகக் கெடுவதற்குப் பெரும்பாலும் வெளிப்படையான காரணம் இருக்கும். அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வலி, வீட்டில் ஓர் இழப்பு, கடன் நெருக்கடி, நோயாளிக்குத் துணையிருந்த நாட்களின் அலைச்சல் என அது எதுவாகவும் இருக்கலாம். காரணம் நீங்கியதும் பலருக்குத் தூக்கம் தானே திரும்பிவிடுகிறது. சிலருக்கு மட்டும் திரும்புவதில்லை. ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் அளித்தார். தூக்கமின்மையைத் தொடங்கிவைப்பது ஒன்று, நீடிக்கச் செய்வது வேறொன்று என்றார் அவர். இழந்த தூக்கத்தை ஈடுகட்ட எட்டு மணிக்கே படுப்பது, பகலில் கண்ணயர்வது, விடிந்த பின்னும் படுக்கையிலேயே கிடப்பது ஆகிய முயற்சிகளே அதை நீடிக்கச் செய்கின்றன.

செரிமானத்தைப் போலவே தூக்கமும் நம் கட்டளைக்கு உட்பட்டதன்று. 'தூங்கியே ஆக வேண்டும்' என்று மனம் வற்புறுத்தும்போது, உடல் அதை ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது. இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன. விழிப்புக்குரிய அமைப்பு முழுவதும் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

நள்ளிரவில் விழித்துக் கைப்பேசியில் மணி பார்ப்பது இதற்குத் தூபம் போடுகிறது. 'மணி இரண்டு, இன்னும் நான்கு மணி நேரந்தான்' என்ற கணக்கு ஒருமுறை தொடங்கிவிட்டால் எளிதில் நிற்பதில்லை. சுமார் 90 நிமிடங்கள் கொண்ட சுற்றுகளாக அமைவதே தூக்கம். நடுவே சிறிது விழிப்பது இயல்பு. வயது ஏற ஏற அது கூடும். ஆகவே கடிகாரத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வையுங்கள், கைப்பேசியை அடுத்த அறையில் விடுங்கள்.

'தூங்காவிட்டால் மாரடைப்பு வந்துவிடுமோ' என்று இதய நோயாளிகள் கேட்பதுண்டு. மாதக்கணக்கில் நீடிக்கும் தூக்கமின்மைக்குச் சிகிச்சை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் ஓரிரு இரவுகள் தூக்கம் குறைவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட, தூக்கத்துக்கான உந்துதலும் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது.

எந்நேரம் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். தூக்கக் கலக்கம் வந்த பிறகே படுங்கள். ஏறத்தாழ இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால், எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக அமர்ந்திருந்து, கண் சொக்கும்போது திரும்புங்கள். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் தடுமாறி விழக்கூடிய முதியோரும் நடமாட வேண்டாம். படுக்கையிலேயே சாய்ந்து அமர்ந்தால் போதும். வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் கையாண்ட ஒரு வழியும் உண்டு. இருட்டில் கண்களைத் திறந்தபடி, 'இன்னும் கொஞ்ச நேரம் விழித்திருப்போம்' என்று படுத்திருப்பதே அது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், பாதகமில்லை. முயற்சியைக் கைவிடுவதற்கு அது ஒரு வழி, அவ்வளவே.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். காலையில் கண் விழித்ததும் "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பது அன்பினால்தான். ஆனால் நாள்தோறும் கேட்கப்படும்போது அது தேர்வு முடிவு கேட்பதுபோல் ஆகிவிடுகிறது. அன்றிரவே அடுத்த தேர்வு தொடங்குகிறது. அதற்குப் பதிலாகக் காப்பி வேண்டுமா என்று கேளுங்கள். இரவில் அவர் புரளும் ஓசை கேட்டவுடன் விளக்கைப் போட்டு விசாரிக்கவும் வேண்டாம். வலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் அது வேறு.

நீடித்த தூக்கமின்மைக்கு மாத்திரையை விட இத்தகைய பழக்க மாற்றச் சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டும் என அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுத்துவருபவர்கள் அதைத் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. எங்களிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதங்களாகத் தூக்கம் கெட்டிருந்தால் அவசியம் வாருங்கள். குறட்டைக்கிடையே மூச்சு நிற்பது, படுத்ததும் கால்களில் இருப்புக்கொள்ளாமை, எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு ஆகியவை இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எழுதிவாருங்கள்: எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று. காலையில் நினைவிலிருந்து தோராயமாக எழுதினால் போதும். அதற்காக இரவில் மணி பார்க்க வேண்டாம்.