மரப்பு நீங்கும் இரவு

வயிற்றைக் கீறிப் பிள்ளை பெற்று மல்லாங்கிணற்றுக்குத் திரும்பிய தாய் ஒருத்தியைக் காணச் சென்றிருந்தோம். "முதுகிலே ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியல்லே, சாமி. ராத்திரிதான் உயிர் போச்சு. நர்சம்மாவைக் கூப்பிட வெக்கமா இருந்துச்சு, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துட்டேன்" என்றாள். பாராட்ட வாயெடுத்தோம், எடுத்த வாயை மூடிக்கொண்டோம்.

1957 பிப்ரவரி 24-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மயக்கவியல் மருத்துவர்களின் வினாக்களுக்கு விடையளித்தார். மருந்தினால் வலியைத் தணித்துக்கொள்வது கிறிஸ்தவனுக்கு முறையே என்பது அவ்விடையின் சாரம். அவ்வாண்டிலேயே சுவீடனில் புபிவாகெய்ன் என்னும் மருந்து உருவாயிற்று. இன்று முதுகுத்தண்டில் ஏற்றப்படுவது பெரும்பாலும் அதுவே. நரம்பின் சவ்வில் சோடியம் நுழையும் நுண்வாயில்களை அது அடைத்துவிட, வலியின் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. ஆனால் முதுகில் ஏற்றிய மருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் விலகிவிடும். அளவை மிகுத்தாலோ, இரத்தத்தில் கலந்து வலிப்பை வருவிக்கும், இதயத்தையும் நிறுத்திவிடும்.

நம் மானாவாரிக் காட்டில் கன்று நடுவோர் வேரருகே மண்கலயம் புதைத்து நீர் ஊற்றிவைப்பதுண்டு. கலயம் சிறுகச் சிறுகக் கசியும், கன்று பிழைக்கும். அறிவியலார் தேடுவதும் அத்தகைய கலயமே. 1960-களில் ஆங்கிலேயர் அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் தாமே உருண்டு நுண்பைகளாவதைக் கண்டறிந்தார். லைப்போசோம் எனப்படும் அப்பைகளில் புபிவாகெய்னை அடைத்த ஊசிமருந்துக்கு 2011-ல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இது முதுகுத்தண்டிலன்று, காயத்தைச் சுற்றியும் நரம்பருகிலும் இடப்படுவது. மூன்று நாள் வரை வலி தணியும் என எதிர்பார்த்தனர். எனினும் நரம்பருகே இட்டுப் பார்த்த சோதனைகளைத் திரட்டி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மருந்தைவிடப் பெரும் பயன் காணப்படவில்லை. விலையோ மிக அதிகம்.

தேடல் ஓயவில்லை. மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகக் கூறிட்டால் வருவது ஒரு நானோமீட்டர். அப்படிச் சில நூறு நானோமீட்டரே பருமனுள்ள துகள்களை, உடலில் கரையும் தையல்நூலுக்கான பொருளைக் கொண்டே செய்து பார்க்கின்றனர். ஒளி பட்டால் மட்டும் மருந்தைக் கசியவிடும் லைப்போசோம்களை எலிகளில் சோதித்துள்ளனர். வேண்டும்போது மட்டும் திறக்கும் கலயம்! இது நம்மை வியக்கவைக்கிறது.

அக்கலயம் அருப்புக்கோட்டைப் பக்கம் வர நாளாகும். அதுவரை, நேரந்தவறாமல் கொடுக்கும் எளிய வலிநீக்கி மருந்துகள் இருக்கவே இருக்கின்றன. கேட்க வேண்டும், அவ்வளவே. இதை அத்தாயிடம் சொன்னோம். அவளுடைய தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். "ராத்திரி வலிச்சா வாயைத் திறந்து கேளுடி" என்று அக்காளே சொல்லியனுப்பிவிட்டாளாம்.