ஒருவர் சேர, பலர் பதிவாகும் வலைத்தளங்கள்

சமூக வலைத்தளத்தில் சேர்வதா வேண்டாமா என்பது அவரவர் சொந்த முடிவு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அத்தளங்கள் இயங்கும் முறையைக் கூர்ந்து நோக்கினால், ஒருவர் சேரும்போது அவரை அறிந்த பலரும், தம் சம்மதம் கேட்கப்படாமலேயே, அங்கு பதிவாகிவிடுவது புலப்படும்.

புதிதாகக் கணக்குத் தொடங்குபவரிடம், நண்பர்களைத் தேடித் தருவதாகக் கூறி, கைபேசியிலுள்ள தொடர்புப் பட்டியலைக் காண அனுமதி கோரப்படுகிறது. அனுமதித்தவுடன் அப்பட்டியல் நிறுவனத்தின் கணினிகளுக்குச் சென்றுவிடுகிறது. அதில் இருப்பவை வெறும் எண்கள் அல்ல. ‘சேலம் பெரியம்மா’, ‘சுகர் டாக்டர்’, ‘வட்டிக்காரர்’, ‘ஹவுஸ் ஓனர்’ என்றெல்லாம் பெயரிட்டுச் சேமிப்பது பரவலான வழக்கம் என்பதால், ஒரு குடும்பத்தின் உறவும் நோயும் கடனும் அப்பெயர்களைக் கொண்டே ஊகிக்கத்தக்கவை ஆகின்றன. கணக்கே வைத்திராத ஒருவரின் எண்கூடப் பலருடைய பட்டியல்கள் வழியே வந்து சேர்ந்து, அவரைப் பற்றிய குறிப்பாகத் திரளக்கூடும். இவ்வாறு பிறர் தந்த விவரங்களால் உருவாகும் பதிவை ‘நிழல் சுயவிவரம்’ என்பர். 2013 ஜூனில், ஃபேஸ்புக்கின் மென்பொருள் பிழை ஒன்றால் சுமார் 60 லட்சம் பயனர்களின் தொலைபேசி எண்களோ மின்னஞ்சல் முகவரிகளோ பிறருக்கு வெளிப்பட்டபோது, அவற்றுள் உரியவர் தாமே தராமல் மற்றவர்களின் பட்டியல்கள் வழியே வந்தவையும் இருந்தன.

இந்த ஆபத்தை உலகறியச் செய்தது, 2018 மார்ச்சில் வெளிவந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் கோகன் உருவாக்கிய ஆளுமைச் சோதனைச் செயலியைச் சுமார் 2,70,000 பேரே பயன்படுத்தினர். எனினும், பயனரின் நண்பர்களுடைய தகவல்களையும் செயலிகள் எடுத்துக்கொள்ள ஃபேஸ்புக் அக்காலத்தில் இடமளித்திருந்ததால், 8 கோடியே 70 லட்சம் பேர் வரையிலானவர்களின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே பின்னர் ஒப்புக்கொண்டது. அதன் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் செயலியை நிறுவியவர்கள் 335 பேர் மட்டுமே. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர். அவர்களுள் ஏறத்தாழ அனைவரும் அச்செயலியைத் தொட்டதே இல்லை என்பதுதான் இவ்விவகாரத்தில் மிகவும் அச்சமூட்டும் செய்தி.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே பெரிதும் சார்ந்து எழுந்தது. ஆனால், தனிப்பட்ட அல்லது வீட்டுத் தேவைக்காக ஒருவர் பிறரது விவரங்களைக் கையாள்வது அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது. ஆகவே, பட்டியலை ஒப்படைக்கும் உறவினரைச் சட்டம் தடுக்குமென்று நம்பியிருப்பதற்கில்லை. தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி மறுப்பதும், முன்பே பதிவேற்றியதை அமைப்புகள் பகுதிக்குச் சென்று அழிப்பதும் சேர்பவரின் கையிலேயே உள்ளன. சேராதவரும் தம் எண்ணை நீக்கக் கோருவதற்கு ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் ஒரு வசதியை ஏற்படுத்தியுள்ளது. ஆனால் அந்த எண் மீண்டும் பதிவேறாமல் தடுப்பதற்காக, அதன் நகலொன்றைத் தன் தடைப்பட்டியலில் வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது.